பித்தளைக் கொடத்துத் தண்ணி

போன மாசம் ஆபீஸ்ல இருந்து ஒரு புள்ள போன் பண்ணுச்சு. நான் ரிட்டயர் ஆகி மூணு வருசம் ஆச்சு. என் வேலைக்கு இப்ப அந்தப் புள்ளதான் வந்திருக்குது. "ஐயா, நீங்க உட்டுட்டுப் போன மரப்பெட்டியத் தொறந்தனுங்க. மூடிக்கு உள்பக்கம் செவப்பு மையில 'பித்தளை ஆகாது'ன்னு எழுதி வச்சிருக்கீங்களே, அது எதுக்குங்கய்யா?"ன்னு கேட்டுச்சு.

"பித்தளை களிம்பு புடிக்கும் அம்மிணி, அதுக்குத்தான்"ன்னு சொல்லி போனை வச்சுட்டேன்.

அந்தப் புள்ளைக்கு இனி தண்ணிப் பாட்டில் வைக்கற அந்தப் பெட்டியே வேண்டியதில்லை. பாலத்துக்குக் கீழ ஆத்துக்குள்ள ஒரு மெசினை எறக்கி வச்சிருக்காங்களாம். தண்ணியில உப்பு எத்தனை, மீனு மூச்சு உடற காத்து எத்தனைன்னு அதுவே பாத்து செல்போனுக்கு அனுப்பிப்போடுதாம். நல்லதுதானுங்க. மெசினு யாருக்கும் எரக்கப்படாது. ஆனா களிம்புன்னு நான் சொன்னது பொய். அந்த ரெண்டு வார்த்தை சமாச்சாரத்தை எழுதி முடிக்காம இனி எனக்குத் தூக்கம் கெடையாது, அதனால உக்காந்திருக்கேன்.

என் பேரு அர்த்தநாரி. திருச்செங்கோட்டுக்காரன். எங்க ஊர்ப் பசங்க எல்லாம் போர் போடுற ரிக் லாரி ஏறி வடக்க போயி பூமியில ஓட்டை போட்டுட்டு இருந்தப்ப, நான் மாசு பாக்குற ஆபீஸ்ல ஆய்வகத்துக்கு எடுபிடியா சேந்தேன். என் சேக்காளிக தண்ணியத் தேடிப் போனானுக, நான் இருக்குற தண்ணிக்கு என்ன சீக்குன்னு பாக்கப் போனேன். எங்கப்பனுக்கு அந்த வேலை என்னன்னே கடைசி வரைக்கும் புரியலை. "ஆத்துத் தண்ணிய பாட்டில்ல புடிக்கறதுக்கு சர்க்கார் சம்பளமாடா?"ன்னு கேட்டுச் சிரிப்பாரு.

தொழில் கத்துக்க ரெண்டு வருசம் ஆச்சு. சொல்றதுக்கு ரெண்டு நிமிசம் போதும். பாட்டிலை அதே தண்ணியில மூணு வாட்டி அலசோணும். கரையோரமாப் புடிக்கக்கூடாது, நடு ஓட்டத்துல எறங்கி, தண்ணி வர்ற தெசையைப் பாத்து நின்னு புடிக்கோணும். காத்து பாக்குற பாட்டில்ல மட்டும் ஒரு கொப்புளம்கூட நிக்கக்கூடாது. அதுல ரெண்டு மருந்தை அங்கயே ஊத்தி மூடிக் குலுக்குனா, அடியில வண்டலாட்டம் ஒண்ணு எறங்கும். பழுப்பா எறங்குனா மீனு பொழைக்கும். வெள்ளையா எறங்குனா அந்தத் தண்ணி செத்துப்போச்சுன்னு அர்த்தம். திருமணிமுத்தாத்துல நான் முதல் தடவை வெள்ளை பாத்த அன்னைக்கு ஊட்டுக்கு வந்து சோறு திங்கலை. எங்க ஊட்டுக்காரி, "ஆரு செத்துப்போனாங்க?"ன்னு கேட்டா. ஆத்தைச் சொன்னா சிரிப்பாளேன்னு வாய மூடிக்கிட்டேன்.

எங்க ஆபீசுக்கு ஒரு மேடம் மாத்தலாகி வந்தாங்க. அவங்க பேரு எதுக்கு, மேடம்னே சொல்றேன். ஒல்லியா, கறுப்பா, எப்பவும் காட்டன் சேலை. ஆரையும் நீ போன்னு பேசமாட்டாங்க, ஜீப் டிரைவரைக்கூட "வாங்க"தான். சத்தம் போட்டு ஒரு நாளும் நான் பாத்ததில்லை. கேள்வி கேக்கறதுக்கு முன்னால கண்ணாடியக் கழட்டி மேசைமேல மடிச்சு வைப்பாங்க. அதைப் பாத்தாலே நாங்க நோட்டைப் பொரட்ட ஆரம்பிச்சுருவோம். பட்டறைக்கோ மில்லுக்கோ சோதனைக்குப் போனா அங்க ஒரு டம்ளர் தண்ணி குடிக்கமாட்டாங்க. ஊட்டுல இருந்து சொம்புல கொண்டாந்து, ஜீப்போரமா நின்னு குடிச்சுக்குவாங்க.

தண்ணி எடுத்துட்டு வந்தா ஒவ்வொரு பாட்டிலையும் வெளிச்சத்துக்கு நேராத் தூக்கி, ஒட்டியிருக்குற சீட்டைப் படிப்பாங்க. சீட்டுல நாலு கட்டம் இருக்கும். எடம், நேரம், எதுல இருந்து எடுத்தது, எடுத்தவர் பேரு. படிச்சு முடிச்சுட்டு ஒரே கேள்விதான் கேப்பாங்க. "அர்த்தநாரி, பாத்தீங்களா, கேட்டீங்களா?" கண்ணால பாத்ததா, ஊர்க்காரங்க சொல்லிக் கேட்டதா, அவ்வளவுதான். கேட்டதுன்னா அதை நோட்டுல வேற பக்கத்துல எழுதச் சொல்லுவாங்க. "கேட்டதும் வேணும், ஆனா அது பாத்த பக்கத்துக்கு வரக்கூடாது"ம்பாங்க. எனக்கு அப்ப எரிச்சலா வரும். என்னடா இது, பள்ளிக்கூடத்துப் புள்ளைகளைக் கேக்கறாப்பலன்னு மொனகுவேன்.

வெண்ணந்தூருக்கு அந்தாண்ட, ஆத்தோரமா ஒரு ஊரு. அந்த ஊரு மாரியாத்தா நோம்பிக்குப் பங்குனியில கம்பம் நடுவாங்க. கோயலுக்கு முன்னால மூணு கெளை இருக்குற மரத்தை நட்டு, அதையே சாமியாக் கும்புடுவாங்க. அந்தக் கம்பத்துக்கு மொதக் கொடம் தீர்த்தம் அந்த ஆத்துல இருந்துதான் போகோணும். விடியறதுக்கு முன்னால எறங்கி மொதக் கொடத்தை முக்கி எடுக்குற பாத்தியம் ஒரு ஊட்டுக்கு உண்டு. பாவாயக்கா அந்த ஊட்டு மருமக. மாமியா கையில இருந்து அந்தப் பித்தளைக் கொடம் அவங்க கைக்கு வந்துச்சு. ஊட்டுக்காரரு தறி ஓட்டுறவரு, அக்கா தறிக்கு ஊடை நூலைத் தார்க்குச்சியில சுத்துவாங்க.

அந்த அக்காதான் எங்க ஆபீசுக்கு மனுக் குடுத்துக்கிட்டே இருந்தவங்க. ஊருக்கு மேல, தண்ணி வர்ற பக்கம் ஒரு மைல்ல, ஆத்தங்கரையில ஒரு சாயப்பட்டறை. தண்ணியச் சுத்தம் பண்ணித்தான் உடோணும்னு சட்டம். சுத்தம் பண்ற மோட்டாரும் அங்க இருந்துச்சு. எங்க ஜீப் சத்தம் கேட்டா அது ஓடும், ஜீப்பு திரும்புனா நின்னுபோகும். இருட்டோட இருட்டா ஆத்துல தொறந்து உட்டுருவாங்க. பொழுது கெளம்பி நாங்க போறதுக்குள்ள தண்ணி தெளிஞ்சுபோகும். அஞ்சு வாட்டி போனோம். அஞ்சு வாட்டியும் பாட்டில்ல நல்ல தண்ணி.

"ஏனுங்க, ஆடு வாயி வெந்து கெடக்குதுங்க, வந்து பாருங்க. சாயமில்லாம சேலை ஏது, நான் சுத்துற நூலும் சாயம் போட்டதுதான். பட்டறை வேண்டாமுன்னு நாஞ் சொல்லலீங்க சாமி. ஆத்துல உடாதீங்கன்னுதான் சொல்றேன்" அப்படீம்பாங்க பாவாயக்கா. எனக்குப் பாவமாப் போச்சு. என் செல் நம்பரைக் குடுத்து, "சாயம் வர்ற அன்னைக்கு எந்நேரமானாலும் போன் போடுங்க, ஓடி வாரேன்"னு சொல்லி வச்சேன்.

கம்பம் நடுற அன்னைக்கே அந்தப் போன் வந்துச்சு. விடியக்காலம். அக்கா பேசறது புரியலை, பின்னால பொம்பளைக சத்தம். "செவப்பா வருதுங்க. தீர்த்தம் எடுக்கப் போனமுங்க, ரத்தமாட்டம் வருதுங்க. பூசாரி கம்பத்துக்கு ஊத்தமாட்டேங்கறாருங்க. ஓடியாங்க சாமி!"

ஓடத்தான் ஓடுனேன். ஜீப்பு இல்லை. மேடம் அதை எடுத்துட்டு மொத நாளே கெங்கவல்லிப் பக்கம் வேற சோதனைக்குப் போயிட்டாங்க. போன் அடிச்சேன், சிக்னல் கெடைக்கலை. ஆபீசைத் தொறந்து பெட்டிய எடுத்துக்கிட்டு பஸ் ஏறுனேன், எறங்குனேன், இன்னொரு பஸ் ஏறுனேன். என்ன கெரகமோ, அன்னைக்குன்னு பாத்து நோம்பிக் கூட்டம். நான் ஆத்தங்கரைக்குப் போறப்ப மணி பதினொண்ணு.

தண்ணி கண்ணாடியாட்டம் போயிட்டிருந்துச்சு.

கரையில பாவாயக்கா உக்காந்திருந்தாங்க. நோம்பிச் சேலை, மஞ்சள் பூசுன மொகம், பொட்டுத் தண்ணி குடிக்காத வெரதம். மத்த பொம்பளைக எல்லாம் ஊட்டுக்குப் போயிட்டாங்க. பக்கத்துல கொடம். கழுத்துல மாவெலையும் மஞ்சத்துணியும் கட்டுனபடி இருக்குது. உள்ள எட்டிப் பாத்தேன். கொடம் நெறையச் செவப்புத் தண்ணி.

"காட்டோணுமுன்னு வச்சிருக்கறனுங்க" அப்படீன்னாங்க. அப்புறம் மெதுவா, "இதை எடுத்தாச் செல்லுமுங்களா?"ன்னு கேட்டாங்க.

அந்தக் கேள்விக்கு நான் ஒழுங்காப் பதில் சொல்லியிருக்கோணும். செல்லாதுன்னு சொல்லியிருக்கலாம். இல்லைன்னா நோட்டை எடுத்து, கேட்ட பக்கத்துல, பாவாயி எடுத்த தண்ணி, பாவாயி சொன்ன நேரம்னு எழுதியிருக்கலாம். எனக்கு அப்படித் தோணவே இல்லை. தார் சுத்துற பொம்பளை சொல்லு ஒரு கோர்ட்டுல எடுபடுமான்னு நெனச்சுட்டேன். சர்க்கார் ஆளு பேரு இருந்தாத்தான் ஏறும்னு நெனச்சேன். "நான் பாத்துக்கறேன், உடுங்கக்கா"ன்னு சொல்லிட்டு, கொடத்தைச் சாச்சு பாட்டில்கள்ல ஊத்துனேன். சீட்டை எழுதுனேன். எடம்: ஆத்து நடு ஓட்டம். நேரம்: காலை பதினொண்ணு. எதுல இருந்து: ஓடுற தண்ணி. எடுத்தவர்: அர்த்தநாரி. சீல் வச்சேன்.

தலைக்கேறுன கோவத்துல பண்ணுனேன். நல்லதுன்னு நெனச்சுத்தான் பண்ணுனேன். இத்தனை வருசமா அதைச் சொல்லித்தான் என்னையவே சமாதானம் பண்ணிக்கிட்டிருந்தேன்.

மேடம் வந்து பாட்டிலைத் தூக்கிப் பாத்தாங்க. "பாத்தீங்களா, கேட்டீங்களா?"

"பாத்தேனுங்க மேடம்."

ஆய்வு முடிஞ்சு வந்துச்சு. சாயம், உப்பு எல்லாம் எக்கச்சக்கம். அந்த ஓட்டத்துல வேற பட்டறை கெடையாது, பட்டறைக்கும் மேல இருந்த பாலத்துல எடுத்த தண்ணி சுத்தம். மூடச் சொல்லி ஆர்டர் போச்சு. கரண்டைப் புடுங்குனாங்க. பாவாயக்கா எனக்குப் போன் போட்டு அழுதாங்க. "வர்ற வருசம் நோம்பிக்கு நீங்க வரோணும். மொதக் கொடம் எடுக்கறதை நீங்க நின்னு பாக்கோணும்." நான் என்னமோ ஆத்தையே மீட்டுக் குடுத்தவனாட்டம் நெஞ்ச நிமித்திக்கிட்டுத் திரிஞ்சேன்.

பட்டறைக்காரங்க கோர்ட்டுக்குப் போனாங்க. வாய்தாவுக்கு நாலு நாள் இருக்கறப்ப மேடம் என்னையக் கூப்புட்டாங்க. மேசைமேல பட்டறைக்குக் கீழ நாங்க எடுத்த தண்ணிக்கு வந்த காயிதம் ஆறையும் வரிசையாப் பரப்பி வச்சிருந்தாங்க. கண்ணாடியக் கழட்டி மடிச்சு வச்சாங்க.

"இந்த அஞ்சுலயும் செம்பு இல்லை. கடைசி ஒண்ணுல மட்டும் இருக்கு. துத்தநாகமும் இருக்கு. அந்தப் பட்டறை சாயத்துல ரெண்டுமே கிடையாது, நான் விசாரிச்சுட்டேன். செம்பும் துத்தநாகமும் சேர்ந்தா என்னங்க அர்த்தநாரி?"

"பித்தளைங்க மேடம்."

"உப்புத் தண்ணி. அஞ்சாறு மணி நேரமாவது பித்தளைப் பாத்திரத்துல நின்னிருக்கு. ஆத்துல பித்தளை ஓடாது."

நின்ன எடத்துலயே எல்லாத்தையும் சொன்னேன். கொடம், மாவெலை, பஸ்சு, கண்ணாடியாட்டம் போன தண்ணி, எல்லாம். அவங்க குறுக்க பேசலை. முடிச்சதும் அந்த ஆறு காயிதத்தையும் ஒண்ணொண்ணா அடுக்கி வச்சாங்க. அதுக்கு அவங்க நாலு அறை அறைஞ்சிருக்கலாம்.

"உட்டுருங்க மேடம். அவங்க வக்கீலு கண்டுபுடிக்கமாட்டான். சாயம் வந்தது நெசந்தானுங்களே?"ன்னு கெஞ்சுனேன்.

"நெசமா இருக்கலாம். நீங்க பாக்கலை, நானும் பாக்கலை. பாத்தது ஒரே ஒரு ஆள். அந்தம்மா எடுத்ததுன்னு நீங்க எழுதியிருந்தா, நான் அவங்களைச் சாட்சிக் கூண்டுல ஏத்தியிருப்பேன். விரதத்தோட போய் தீர்த்தம் எடுத்தவங்க, எப்ப எடுத்தாங்க, எப்படி எடுத்தாங்கன்னு அவங்க வாயால சொல்லியிருப்பாங்க. கூடப் போன பத்துப் பேர் சொல்லியிருப்பாங்க. அவங்க பேரை எடுத்துட்டு உங்க பேரைப் போட்டுட்டீங்களே அர்த்தநாரி."

அதைச் சொல்றப்ப அவங்க கண்ணு கலங்கிப்போச்சு. அந்த மேடம் கண்ணு கலங்கி நான் பாத்தது அன்னைக்கு ஒரு நாள்தான்.

அவங்களே கோர்ட்டுக்கு எழுதிக் குடுத்துட்டாங்க. அந்தத் தண்ணி ஆத்துல நேரா எடுத்ததில்லை, ஊர்ல ஒருத்தர் பாத்திரத்துல இருந்து ஊத்துனதுன்னு. மேற்பார்வை பண்ணாதது தன் தப்புன்னும் சேத்து எழுதுனாங்க. ஆர்டர் ரத்தாச்சு. இனி அந்தப் பொம்பளையச் சாட்சியாக் கொண்டு போகலாமான்னு மேடம் கேட்டதுக்கு, சர்க்கார் ஆளே பொய்ச் சீட்டு எழுதுன கேசுல ஆரு சொன்னாலும் நம்பமாட்டாங்கன்னு எங்க வக்கீலு கையை விரிச்சுட்டாரு. எனக்கு ஒரு மெமோ. மேடத்தைத் தூரமா மாத்திப்போட்டாங்க. போற அன்னைக்கு என் பெட்டி மூடியத் தொறந்து, செவப்புப் பேனாவை என் கையில குடுத்தாங்க. நானா எழுதுனதுதான் அந்த "பித்தளை ஆகாது".

பட்டறை மறுபடி ஓடுச்சு. நான் அந்த ஊருப் பக்கம் போகலை. பயமுங்க, வேறென்ன? அந்த வழியா வேலை வந்தா வேற ஆளை அனுப்புனேன். பாவாயக்கா போன் வந்தா எடுக்கலை. ஒரு மாசத்துக்கப்புறம் அவங்களும் கூப்புடறதை உட்டுட்டாங்க. ரிட்டயர் ஆகி மாலை போட்ட அன்னைக்கு, "ஒரு கரும்புள்ளி இல்லாத மனுசன்"னு ஒருத்தர் மைக்குல பேசுனாரு. மெமோ போட்ட அதிகாரி எப்பவோ போயிட்டாரு, பாக்கி ஆருக்கும் அது தெரியாது. நான் தலையக் குனிஞ்சு உக்காந்திருந்தேன், வெக்கப்படறேன்னு நெனச்சுக் கை தட்டுனாங்க.

போன மாசம் அந்தப் புள்ள கேட்டதுல இருந்து சோறு எறங்கலை. ஒரு நா காலையில பஸ் ஏறுனேன்.

ஆத்தை மொதல்ல பாத்தேன். பட்டறை இப்ப இல்லை, மூடி வருசமாச்சாம். ஆத்துல சாக்கடையும் சீமைக் கருவேலமும்தான். ஊருக்குள்ள இருந்து ஆத்துக்கு எறங்குற படியில ஆளுக நடந்த தடமே இல்லை. படிக்கட்டு மேல கோழி வேஸ்ட்டு மூட்டை கெடந்துச்சு.

பாவாயக்கா ஊட்டுக்குள்ள தார் சுத்திட்டிருந்தாங்க. தலை பூரா நரைச்சுப்போச்சு. ஊட்டுக்காரரு எறந்துட்டாராம். என்னைய அடையாளம் தெரிஞ்சு, ராட்டையை நிறுத்திட்டு, "வாங்க"ன்னாங்க. சாமின்னு சொல்லலை. அப்பவே எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு.

"உங்க மேடம் எழுதுன காயிதத்தைக் கோர்ட்டுல படிச்சாங்களாமுங்க. ஊர்ல ஒருத்தர் பாத்திரத்துல இருந்து ஊத்துனதுன்னு. பட்டறையில வேலை போன ஆளுக நம்ம ஊர்ல இருபது ஊடு. பாவாயி கொடத்துல சாயத்தைக் கரைச்சு ஆபீசரு கையில குடுத்துப்போட்டான்னு பேசுனாங்க. தீர்த்தக் கொடத்துல சாயம் கரைச்சவன்னு பேரு எடுத்தனுங்க நானு."

"கூட வந்த பொம்பளைக சொல்லலீங்களா?"

"அவுங்க ஊட்டு ஆம்பளைகளும் பட்டறையிலதானுங்களே."

அந்த வருசமே மொதக் கொடத்துப் பாத்தியத்தைப் புடுங்கிட்டாங்க. அடுத்த வருசத்துல இருந்து காவேரிக்கு வேன் வச்சுப் போயி, மோகனூர்ல இருந்து தீர்த்தம் கொண்டாறாங்க. ஆத்துக்கு ஆரும் எறங்கறதில்லை. எறங்காத ஆத்துல என்ன கலந்தா ஆருக்கென்ன, கேக்க நாதியில்லாமப் போச்சு. "நான் ரெண்டு மூணு வருசம் தனியாப் போயி எறங்கிப் பாத்தனுங்க. அப்புறம் அதுவும் நின்னுபோச்சு."

எனக்குத் தாங்கலை. "அக்கா, கொடத்தை எடுத்து ஊத்துனது நானு. பேரை மாத்துனது நானு. நீங்க செல்லுமான்னுதான் கேட்டீங்க. நான் ஊர்ல வந்து எல்லாரு முன்னாலயும் சொல்றனுங்க"ன்னு சொன்னேன். சொல்றப்பவே அழுதுட்டேன்.

அவங்க அழுகலை. "என்னன்னு சொல்லுவீங்க?"ன்னாங்க.

"ஆத்துல சாயம் வந்துச்சுன்னு."

"நீங்க பாத்தீங்களா?"

மேடம் கேட்ட அதே கேள்வி. இந்தத் தடவை பொய் வரலை. "இல்லீங்க. உங்க கொடத்துலதான் பாத்தேன்."

"அப்பக் கொடத்துல பாத்ததை மட்டும் எழுதிக் குடுங்க. வர்ற செவ்வாக்கெழமை கம்பம் நடுறாங்க. ஊரு கூடுற எடத்துக்கு நானே கொண்டு போறேன்."

பேரன் நோட்டுல இருந்து ஒரு தாளைக் கிழிச்சுக் குடுத்தாங்க. நான் கட்டம் போட்டேன். முப்பது வருசம் போட்ட அதே நாலு கட்டம். எழுத எழுத அவங்க பக்கத்துல நின்னு, "படிங்க, படிங்க"ன்னாங்க. படிச்சேன்.

எடம்: நம்ம ஆத்து எறக்கம், பாவாயி சொன்னபடி. நேரம்: கம்பம் நட்ட அன்னைக்கு விடியக்காலம், பாவாயி சொன்னபடி. எதுல இருந்து: ஆத்துல முக்குன பித்தளைக் கொடம். நான் வந்தப்ப மணி பதினொண்ணு, கொடத்துல செவப்புத் தண்ணி இருந்ததைப் பாத்தேன், ஆத்துல பாக்கலை. பாட்டில்ல ஊத்துனவன், பொய்ச் சீட்டு எழுதுனவன்: அர்த்தநாரி.

"எடுத்தவர்னு ஒரு கட்டம் சும்மா இருக்குதே"ன்னாங்க.

பேனாவை அவங்க கையில குடுத்தேன். சுவத்தைப் புடிச்சுக்கிட்டுக் கீழ உக்காந்து, தாளைத் தொடை மேல வச்சு, ஒவ்வொரு எழுத்தா நிறுத்தி நிறுத்தி எழுதுனாங்க. பாவாயி. அப்புறம் எந்திரிச்சு, பரணுக்குக் கீழ கவுத்தி வச்சிருந்த அந்தக் கொடத்தை எடுத்து நிமித்தி வச்சு, தாளை மடிச்சு அதுக்குள்ள போட்டாங்க.